பாட்டுக்குத் தலை காட்டிய ஊர்

1

இந்த நாட்டில் ஒருவரைப் பாராட்டுகிறார்கள் என்றால், கேக் வாங்கி வர வேண்டியவர் பாராட்டப்படுகிறவர்தான். ரோட்டர்டாமில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்து இருபது வருடம் ஆனதற்காகப் போன மாதம் எனக்கு ஒரு சிறு விழா எடுத்தார்கள். கேக்கை நானே சுமந்துகொண்டு போனேன். நானே வெட்டினேன். நானே தட்டுத் தட்டாக எல்லாருக்கும் நீட்டினேன். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது மேலாளர் வந்து கையைக் குலுக்கி, "வாழ்த்துகள்" என்றார். நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கேக்கைத் தின்றபடியே மேலாளர் கேட்டார்: "எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேலை செய்கிறீர்களே, இந்தியப் பாட்டா?"

"இல்லை. எலெக்ட்ரானிக் பாப். தனி ஆட்கள் செய்வது. இன்னும் யாருக்கும் தெரியாத ஆட்களாகப் பார்த்துக் கேட்பேன்."

கேக் தின்றுகொண்டிருந்த வாய்கள் நின்றுவிட்டன. ஐம்பத்தாறு வயது, முன்னால் ஒரு தொந்தி, தலையில் மிச்சமிருக்கும் முடிக்குச் சாயம், திருக்காட்டுப்பள்ளி பக்கத்திலிருந்து வந்த ஆள். இவனா என்று பார்த்தார்கள். நியாயம்தான். கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த இசைக்குக் குழு கிடையாது. ஒரே ஆள், ஒரு படுக்கையறை, ஒரு லேப்டாப், முழங்கை நீளத்துக்கு ஒரு கீபோர்டு. தாளமும் அவரே, குரலும் அவரே. சுற்றியிருக்கும் சத்தங்களைப் பிடித்துக் கணினியில் போட்டு, நறுக்கி, நீட்டி, ஒரு பாட்டாக்கி இணையத்தில் ஏற்றிவிடுவார். பதினோரு பேர் கேட்பார்கள். அதில் நாலு பேர் அத்தை மாமா பிள்ளைகளாக இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களை உலகம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் என் பொழுதுபோக்கு. ஆட்களை மேலே ஏற்றிவிட்டே சம்பளம் வாங்குகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு வாய்க்கும்?

2

இந்தப் பைத்தியம் என் மகள் யாழினியால் பிடித்தது. சரியாகச் சொன்னால், ஒரு கடிகாரத்தால் பிடித்தது.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு சின்ன அரங்கில் ஒரு பெண் தனியாகப் பாடுகிறாள், பெரியவர் துணை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், நீ வா என்றாள். "எத்தனை மணிக்கு?" என்றேன். டச்சுக்காரர்கள் சொல்கிற மாதிரியே, "அரை எட்டு" என்றாள். நான் வேலையிலிருந்து நேராக, முடியையெல்லாம் வாரிக்கொண்டு, சரியாக எட்டரைக்குப் போய் நின்றேன். இந்த ஊரில் அரை எட்டு என்றால் ஏழரை. எட்டை அடைய இன்னும் அரை பாக்கி என்று அர்த்தமாம். வந்து பத்து வருடம் கழித்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரு மணி நேரமாக வாசலிலேயே நின்றிருந்த மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உள்ளே அந்தப் பாட்டுக்காரி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த டச்சில் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, யாழினியின் முகம் மட்டும் நன்றாகப் புரிந்திருக்கிறது. சுருட்டிய ஒயரைப் பிரித்து மறுபடி மாட்டினாள். எங்கள் இரண்டு பேருக்காக ஒரே ஒரு பாட்டைப் பாடினாள். வீட்டுக்கு வரும் டிராமில் மகள் கேட்டாள்:

"அப்பா, புடிச்சுதா?"

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா புடிச்சுது."

அன்றைக்கு ஆரம்பித்த போட்டி இது. வாரம் ஒருத்தர். யாருக்கும் தெரியாத ஒரு தனி ஆளைக் கண்டுபிடித்து அவள் எனக்கு அனுப்ப வேண்டும், நான் அவளுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆள் பிரபலமாகிவிட்டால் எங்கள் ஆட்டத்திலிருந்து தள்ளுபடி.

பத்தொன்பது வயதில் யாழினி தனி வீடு பார்த்துக்கொண்டு போனாள். இங்கே அது வழக்கம். நான்தான் ஏதோ கடல் கடந்து போகிற மாதிரி பிளாஸ்டிக் வாளியில் பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தேன். டிராமில் இருபது நிமிடம். அப்புறம் தமிழ் மெல்ல மெல்லச் சுருங்கியது. "சாப்புட்டியா?" என்றால் "ம்". "வேலை எப்படி?" என்றால் "ம்". அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்றால், அதற்கும் ஒரு "ம்", கொஞ்சம் நீளமாக. அந்த நீளத்தில் இருப்பது சம்மதமா மறுப்பா என்று நானும் என் மனைவி மல்லிகாவும் அரை மணி நேரம் வாதாடுவோம். ஆனால் பாட்டு மட்டும் வாரம் தவறாமல் வந்துவிடும். அதனால்தான் இந்தப் போட்டியை நான் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி பிடித்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு முப்பது பேரையாவது தேடிக் கேட்பேன்.

மல்லிகா வேதாரண்யத்துக்காரி. அவள் நாக்கில் கொஞ்சம் உப்பு தூக்கல்தான். "கேக்குறாராம்ல! மாம்பழக் கடையில நின்னு ஒவ்வொண்ணா மோந்து மோந்து வெச்சுட்டு, வயிறு ரொம்பிடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க கதை" என்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்கலாம்.

3

ஒருநாள் மத்தியானம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காதில் ஏதேதோ போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு தாளம். சரக், சரக், டப். சரக், சரக், டப். இது ஜெராக்ஸ் மெஷின் ஆயிற்றே என்று நிமிர்ந்தேன். அடியில் கனமாக ஒரு உறுமல். அது கதிர் அறுக்கிற மெஷினின் சத்தம். அதை வேகம் குறைத்து அடிக்குரலாக ஓடவிட்டிருந்தார்கள். அதற்கு மேலே ஒரு பெண், தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி பாடினாள்:

"ஈரப்பதம் கூடிப்போச்சுன்னு
என்னைத் திருப்பி அனுப்பாதே
வெயில்ல கொஞ்சம் காயப்போட்டு
நாளைக்கு வரேன், மூடாதே"

நெல் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டையோடு காத்துக்கிடந்து, ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்ட எவனுக்கும் இது எப்பேர்ப்பட்ட காதல் பாட்டு என்று தெரியும். தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டேன். பாடியவள் பெயர் இருக்கும் இடத்தில் 'தாளடி' என்று இருந்தது. குறுவை அறுத்த கையோடு போடுகிற இரண்டாம் போகத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு எலெக்ட்ரானிக் பாப்காரி! உடனே யாழினிக்கு அனுப்பினேன். உடனே அந்தப் பெண்ணுக்கும் பாராட்டி எழுதினேன்.

பதில் வந்தது: "சார், நீங்க நிஜ ஆளா, இல்ல விளம்பரமா?"

நிஜ ஆள்தான் என்று நிரூபிக்க வீடியோவில் கூப்பிட்டேன். பெயர் நிவேதா. கீழ்வேளூர் கடைத்தெருவில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. பட்டா, சிட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று ஊருக்கே மனுப் போட்டுக் கொடுக்கிறவள். அப்பா அம்மா ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துச் சாகுபடி செய்கிறார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மகள் உள்ளே உட்கார்ந்து பாட்டுச் செய்கிறாள்.

"எத்தனை பேரும்மா கேக்குறாங்க?"

"மூணு பேரு சார். ஒண்ணு நான். ஒண்ணு என் ஃப்ரெண்டு. இன்னொருத்தர் யாருன்னே தெரியல. அவருக்காகத்தான் சார் போட்டுக்கிட்டே இருக்கேன்."

யாழினியிடமிருந்து அன்றைக்கு "ம்" வரவில்லை, போனே வந்தது. அவள் இப்போது ஒரு சின்ன இசை அரங்கில்தான் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டிலிருந்து ஒரு புதுமுகத்தை வருடத்துக்கு ஒரு முறை வரவழைத்து, டிக்கெட்டும் தங்க இடமும் கொடுத்து மேடை ஏற்றுவார்கள். யாரை என்று ஐந்து பேர் கொண்ட ஒரு கமிட்டி முடிவு செய்யும்.

"அப்பா, இந்தப் பொண்ணை நான் கமிட்டியில வெக்கறேன். என் பேர்ல. அடுத்த வெள்ளிக்கிழமை உக்காருறாங்க. ஒரே ஒரு ரூல். பாட்டு இன்டர்நெட்ல எல்லாரும் கேக்கற மாதிரி இருக்கணும்."

"அதான் இருக்கே."

"இருக்கு. நீ ஒண்ணும் பண்ணாத. சும்மா இரு."

சும்மா இருப்பதற்கு நான் என்ன மரமா?

4

என் மண்டையில் ஒரே ஒரு விஷயம்தான் ஓடியது. கமிட்டிக்காரர்கள் போய்ப் பார்க்கும்போது, கேட்டவர்கள் மூன்று பேர் என்று இருந்தால் என்ன நினைப்பார்கள்? பந்தல் போட்டு, இலை போட்டு, பந்தியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் பெண் வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு அவமானம்!

நம் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, எதுவானாலும் பத்து நிமிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, பேசாவிட்டாலும் பரவாயில்லை, தலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பத்து வருடம் பேச்சு. இந்த நியாயத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டுபோய் இணையத்தில் வைத்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டேன்: "எல்லாரும் தினம் ஒருதடவை இந்தப் பாட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிட்டு வாங்கப்பா. நம்ம புள்ள மாதிரி."

குழுவுக்கு அட்மின் என் சித்தப்பா மகன் செல்வம். கதிர் அறுக்கும் மெஷின் ஒன்று வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். உடனே கூப்பிட்டான்.

"அண்ணே, யாருண்ணே அந்தப் பொண்ணு? நம்ம ஊரா?"

"கீழ்வேளூருடா."

"அட, நம்ம பக்கம்தான். விடுண்ணே, பாத்துக்கலாம்."

நம் ஊரில் ஒருவர் "பாத்துக்கலாம்" என்று சொன்னால் உடனே பயப்பட வேண்டும். இருபது வருடத்தில் எனக்கு அது மறந்துவிட்டது.

மறுநாளிலிருந்து குழுவில் போட்டோ போட்டோவாக வந்தது. சார்ஜர் ஒயரில் தொங்குகிற போன். மாட்டுக் கொட்டகையில் ஒரு போன், பக்கத்தில் அதை முறைத்துக்கொண்டு ஒரு பசு. பம்ப்செட் அறையில் வரிசையாக ஆறு போன். கண்ணாடி நொறுங்கி அலமாரியில் கிடந்த பழைய போன்களுக்கெல்லாம் உயிர் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் 'தாளடி' ஓடிக்கொண்டிருந்தது, திரும்பத் திரும்ப. செல்வம் செய்முறை விளக்கமே போட்டிருந்தான்: "சத்தத்தை சுத்தமா குறைச்சுடுங்க. இல்லன்னா சார்ஜ் நிக்காது."

அந்தப் பக்கம் நிவேதாவின் செய்திகள் வர ஆரம்பித்தன.

"சார்! இன்னிக்கு நானூறு சார்!"

"சார், எல்லாம் திருக்காட்டுப்பள்ளி பக்கம்னு காட்டுது. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது சார். தெரியாதவங்க கேக்குறாங்க சார்!"

"சார், சந்தோஷத்துல இன்னிக்கு மத்தியானம் சாப்புடாம புதுசா ஒரு பாட்டு ஆரம்பிச்சுட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானோ சிரிக்கிற பொம்மைகள் மூன்றை அனுப்பிவிட்டு, மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து, பிள்ளையைப் பட்டணத்துக் கல்லூரியில் சேர்த்துவிட்ட அப்பன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

5

செவ்வாய்க்கிழமை காலை அவள் கணக்கையே மூடிவிட்டார்கள். ஒரு பாட்டு அல்ல, அத்தனை பாட்டும் போயிற்று. பக்கத்தைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறம். அந்த இணையதளம் அவளுக்கு அனுப்பிய செய்தியின் சாரம் இதுதான்: உங்கள் பாட்டை மனிதர்கள் கேட்கவில்லை, இயந்திரங்கள் கேட்கின்றன. எல்லாரும் ஒரே நிமிடத்தில் கேட்கத் தொடங்குகிறார்கள், ஒரே நிமிடத்தில் நிறுத்துகிறார்கள். இது ஏமாற்று.

நிவேதா போனில் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஒண்ணுமே பண்ணல சார். என்னைப் போய் ஏமாத்துன்னு சொல்றாங்க."

சொன்னேன். குழு, குரல் செய்தி, மாட்டுக் கொட்டகை, செல்வம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் மட்டும் கேட்டது.

"அப்ப அந்த நானூறு பேரும் உங்க சொந்தக்காரங்களா சார்?"

"எல்லாரும் இல்லம்மா. கொஞ்சம் பேரு பக்கத்து ஊரு."

வைத்துவிட்டாள்.

இந்த உலகத்தில் நான் பார்க்காத அலுவலகம் இல்லை. நம் தாலுகா ஆபீஸ் தெரியும். இங்கே குடியுரிமை ஆபீஸ் தெரியும், என் பெயரிலிருக்கும் அப்பாவின் பெயர் ஏன் என் மகள் பெயரில் இல்லை என்று மூன்று வருடம் விசாரித்தவர்கள். ஆனால் எந்த ஆபீசாக இருந்தாலும் ஆள் என்று ஒருவர் இருப்பார். பதினோரு மணிக்கு எதிர்க்கடைக்கு டீ குடிக்க வருவார். பிடித்துவிடலாம். இந்த இணையதளத்துக்கு எதிரே டீக்கடை இல்லை. நான் எழுதியதற்கெல்லாம் "உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது" என்று ஒரு இயந்திரம் ஒரே நொடியில் பதில் போட்டது. எனக்கு வந்த கோபத்தில், மனிதர்கள் கேட்கவில்லை என்று எங்களைச் சொல்கிறாயே, நீ யார் என்று கேட்டேன். அதற்கும், உங்கள் கவலை புரிகிறது என்றது.

யாழினி கூப்பிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் டச்சுக்கு மாறிவிடுவாள். ரொம்பக் கோபம் வந்தால் மறுபடி தமிழுக்கு வந்துவிடுவாள். அன்றைக்குத் தமிழ்.

"அப்பா. என் பேரைப் போட்டிருக்கேன். சும்மா இருன்னு சொன்னேன்ல?"

"தப்புதாம்மா."

"வெள்ளிக்கிழமை காலையில அந்தப் பேஜ் திறக்கலன்னா அவளைப் பத்திப் பேசவே மாட்டாங்க. அவ அடுத்த வருஷம் புதுமுகமும் கிடையாது, ஏமாத்துக்காரி. தெரியுமா உனக்கு?"

தெரிந்தது.

6

மறுநாள் காலை நிவேதாவே கூப்பிட்டாள். குரலில் ஈரம் இல்லை, கடையில் மனு எழுதுகிற குரல்.

"சார், மேல்முறையீட்டு மனு நான் எழுதுறேன். யாழினி அக்கா பேசினாங்க, அவங்க பக்கத்துலேர்ந்து சேத்து எழுதிக் குடுக்கறாங்க. ஆனா நான் பொய் எழுத மாட்டேன். எனக்கு ஒண்ணு வேணும்."

"சொல்லும்மா."

"உங்க ஆளுங்கள்ல நிஜமா கேட்டது யாரு, சும்மா ஓடவிட்டது யாருன்னு பிரிச்சுக் குடுங்க. கேட்டவங்கள மட்டும்தான் சொல்லுவேன்."

"எப்படிம்மா பிரிக்கறது? எல்லாரும் கேட்டேன்னுதான சொல்லுவாங்க."

"பாட்டோட கடைசியில ஒண்ணு வருது சார். என்ன வருதுன்னு கேளுங்க. முழுசா கேட்டவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"பிரமாதம்! அப்படியே பண்ணிடறேன்" என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடுதான் தோன்றியது. கடைசியில் என்ன வருகிறது?

எனக்குத் தெரியாது.

ஒரு நாளைக்கு முப்பது பேரைக் கேட்கிறவன் எவனையும் முழுதாகக் கேட்க முடியாது. ஆரம்பத்தைக் கேட்பேன், நன்றாக இருக்கிறது, இவன் நம் கண்டுபிடிப்பு என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். தயிர்சாதத்தைக் கீழே வைத்ததெல்லாம் நிஜம்தான். ஆனால் வைத்த கையோடு மகளுக்கு அனுப்பும் வேலையில் இறங்கிவிட்டேன், பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

சரி, என்ன போயிற்று, இப்போது கேட்டுவிட்டால் ஆயிற்று என்று பக்கத்தைத் திறந்தேன். சாம்பல் நிறம். பாட்டுதான் போய்விட்டதே, என் புண்ணியத்தில்!

வேறு வழியில்லாமல் கேள்வியை மட்டும் குழுவில் போட்டேன். விடை தெரியாத வாத்தியார் பரீட்சை வைக்கிற மாதிரி. பதில்கள் வந்து குவிந்தன.

"கடைசியில ரொம்ப நல்லா முடியுது."

"நன்றி வணக்கம்னு சொல்லுது."

"அண்ணே, உண்மையச் சொல்லிடறேன். நான் சவுண்டே வெக்கல." இது செல்வம்.

"டேய், கடைசியில சிட்டா எடுக்கணும்னு ஒருத்தன் வரான்ல, அவனுக்கு அந்தப் பொண்ணு எடுத்துக் குடுத்துச்சா இல்லையா? அதைக் கேட்டுச் சொல்லு மொதல்ல." இது வசந்தா சித்தி, செல்வத்தின் அம்மா.

சிட்டாவா? காதல் பாட்டில் சிட்டா எடுக்க ஏன் ஒருவன் வருகிறான்? சித்திக்கு வயதாகிவிட்டது, வேறெதையோ கேட்டுக் குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் உறுதி வேண்டுமே. நிவேதாவிடம் கேட்க முகம் இல்லை. கமிட்டிக்காக யாழினி ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள். கூப்பிட்டேன்.

"யாழினி, அந்தப் பாட்டை எனக்குக் கொஞ்சம் அனுப்பறியா?"

"எதுக்கு?"

"சும்மா. ஒருதடவை கேக்கலாம்னு."

உடனே பிடித்துவிட்டாள். பெற்ற மகள் அல்லவா?

"அப்பா... நீ அதை முழுசா கேட்டதே இல்லையா?"

"பாதி கேட்டேம்மா" என்றேன்.

"ஊரையே கேக்க வெச்சிருக்க. பசு மாட்டைக்கூடக் கேக்க வெச்சிருக்க. நீ கேக்கல?" என்றவள், திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நன்றாகத் திட்டு வாங்கத் தயாராக இருந்தவனுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளாதா என்றே தோன்றியது.

"அனுப்ப மாட்டேன். நீ இங்க வா. என் முன்னாடி உக்காந்து கேளு."

போனேன். அவள் வீட்டுச் சமையல் மேசையில் என்னை உட்காரவைத்து, எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என் போனைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த பகுதி முடிந்து, தெரியாத பகுதி வந்தது. மெஷினின் உறுமல் மெல்ல விலகியது. குரல் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, பிறகு ஒன்றொன்றாக நின்றுபோயிற்று. ஜெராக்ஸ் மட்டும் சரக், சரக் என்று தனியாக ஓடியது. அப்போது ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

"பாப்பா, சிட்டா ஒண்ணு எடுக்கணும்."

"ரெக்கார்டிங் போயிட்டிருக்குண்ணே."

"அது எவ்வளவு நேரம் எடுக்கும் பாப்பா? நான் வேணா நிக்கறேன்."

அதற்கு அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அவள் அழிக்கவில்லை. அதையே எடுத்து, கொஞ்சம் நீட்டி, ஜெராக்ஸின் தாளத்தோடு சேர்த்து, அதோடு பாட்டை முடித்திருந்தாள். அந்தக் கடைசி அரை நிமிடத்தை விட்டுவிட்டால் அது நல்ல பாட்டு. அதோடு சேர்த்துக் கேட்டால் என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

யாழினி எழுந்துபோய் ஒரு தட்டில் ஊறுகாயும் தயிர்சாதமும் கொண்டுவந்து வைத்தாள். "சாப்புடு" என்றாள்.

அன்று பரீட்சைத் தாளைத் திருத்தினேன். விடை சரியாகச் சொன்னவர்கள் ஒன்பது பேர். வசந்தா சித்தி, செல்வத்தின் மெஷினை ஓட்டுகிற முருகேசன், அக்கம்பக்கத்து ஊர்களில் நடவுக்குப் போகிற நாலு பெண்கள், இன்னும் மூன்று பேர். முருகேசன் தனியாகவே ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "மொதல்ல மொதலாளி சொன்னாருன்னுதாங்க போட்டேன். எங்க மெஷின் சத்தத்துல பாட்டுன்னதும் விட மனசு வரல."

மறுநாள் ஒன்பது பேரையும் நிவேதாவிடம் சொன்னேன். நானூறு பேர் ஒன்பதாகிவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"ஒம்பது பேரா சார்? தெரியாதவங்க ஒம்பது பேரா?"

"ஆமாம்மா."

"முன்னாடி ஒருத்தருதான சார் இருந்தாரு!"

பத்தாவதாக என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். "நீங்க நேத்துதான கேட்டீங்க? மனு, பக்கத்தை மூடின தேதிக்கு முந்திக் கேட்டவங்களுக்குத்தான் சார்" என்று மறுத்துவிட்டாள்.

நிவேதா எழுதிய மனுவை யாழினி எனக்குப் படித்துக் காட்டினாள். சுற்றி வளைக்காமல் இருந்தது. பலர் அன்பினால் பாட்டை ஓடவிட்டுவிட்டார்கள், அது தவறு, அந்த எண்ணிக்கையை நீக்கிவிடுங்கள். ஒன்பது பேர் உண்மையில் கேட்டிருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். எல்லாரும் ஒரே நிமிடத்தில் தொடங்கியதற்குக் காரணம், எங்கள் பக்கத்தில் பம்ப்செட்டுக்கு மின்சாரம் முறை வைத்து வரும், பேட்டரி போன பழைய போன்களை அங்கேதான் சார்ஜ் போட்டிருந்தார்கள். மின்சாரம் வந்ததும் தொடங்கினார்கள், போனதும் நின்றார்கள். இயந்திரங்கள் என்றால் இப்படி மின்சாரத்துக்குக் காத்திருக்காது, மாற்று ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது அந்த இணையதளத்திலும் யாராவது ஒரு மனிதர் சிரித்திருப்பார் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை காலை பக்கம் திறந்தது. சாம்பல் நிறம் போய், அவள் பாட்டுகள் வரிசையாக இருந்தன. கேட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் தரைமட்டத்தில் கிடந்தது.

7

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாழினியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "அவதான்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "அவகிட்ட நான் சொல்லல. நீயே சொல்லு அப்பா."

அவள் சொல்லியிருக்கலாம். கமிட்டியில் வைத்தவள் அவள், பேரைப் பணயம் வைத்தவளும் அவள். அதை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு இந்த ஊரில் கிடைத்த பரிசுகளில் கேக் வாங்கிக்கொண்டு போக வேண்டியிராத பரிசு இது ஒன்றுதான். மல்லிகாகூடக் குத்தல் பேசாமல், "காலையில கூப்புடுங்க, அங்க இப்ப தூங்கியிருக்கும் பொண்ணு" என்றாள்.

சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. எட்டாவது மாடியில் நின்றுபோன ஒரு லிஃப்ட்டைச் சரிசெய்து முடித்துவிட்டு, அதன் கதவோரமாகவே நின்று கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று டிராமிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"நிவேதா, ஒரு விஷயம்..."

"சார், ஒரே ஒரு நிமிஷம் சார், கடையில கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கப் போவுதுல்ல, எல்லாரும் சான்றிதழுக்கு வந்திருக்காங்க. லைன்லயே இருங்க" என்று சொல்லி, போனை வைக்காமல் மேசை மேல் வைத்துவிட்டாள்.

இருந்தேன். ஃபேன் சத்தம் கேட்டது. ஆதார் கொண்டு வந்தீங்களா, பழைய கார்டு எங்க, இந்த நம்பருக்கு ஓடிபி வரும் பாருங்க என்று அவள் குரல் தூரத்தில் கேட்டது. யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம், அல்லது எழுதி அனுப்பிவிடலாம் என்று ஒருதரம் கை போனது. நான் வைக்கவில்லை.

திடீரென்று போனை யாரோ எடுத்தார்கள். வயதான ஒரு ஆண் குரல்.

"அலோ, யாருங்க? இது இங்க ரொம்ப நேரமா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. என்ன வேணும் உங்களுக்கு? வருமானச் சான்றா?"

"சான்று எதுவும் வேணாங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்."

"இங்க எல்லாருக்கும் முக்கியம்தாங்க. காலையிலேர்ந்து நிக்கறோம். போன்ல வந்தா மட்டும் முந்திக்கலாமா? வரிசையில வாங்க."

"சரிங்க" என்றேன். கருவிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.